டிராக்டர் இழுத்த இணையம்

இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள லங்காஷயர், தமிழ்நாட்டுக்கு அறியாத பெயர் அல்ல. தாத்தா காலத்தில் 'மான்செஸ்டர் மில் துணி' என்று பேசப்பட்டதெல்லாம் அந்தப் பகுதியில் நெய்யப்பட்டதுதான். கோயம்புத்தூருக்குத் 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்று பட்டம் கிடைத்ததும் அதை வைத்துத்தான். ஆனால், லங்காஷயரின் வடக்கு ஓரத்துக்குப் போனால் மில்லும் இல்லை, புகைபோக்கியும் இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல், மேடு, ஆடு, மழை. இவ்வளவுதான்.

லங்காஸ்டர் ரயில் நிலையத்தில் இறங்கி, லூன் என்ற ஆற்றை ஒட்டி மேற்குக் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனால், சுமார் 15 கிலோமீட்டரில் வருகிறது ரே என்ற கிராமம். கல்லால் கட்டிய பழைய வீடுகள். ஊரை ஒட்டி ரோபர்ன், ஹிண்ட்பர்ன் என்று இரண்டு சிற்றாறுகள் கலக்கின்றன. 1967 ஆகஸ்ட்டில் ரோபர்ன் ஆற்றில் திடீர் வெள்ளம் வந்து, கரையோர வீடுகளை அடித்துக்கொண்டு போனதை ஊர் இன்னும் மறக்கவில்லை. வருஷா வருஷம் மே மாத வாக்கில் இங்கே ஒரு திருவிழா. வீட்டுக்கு வீடு சோளக்கொல்லை பொம்மை செய்து வாசலில் நிறுத்துவார்கள். அதைப் பார்க்க வெளியூர்க் கூட்டம் வரும்.

ரே கிராமத்தைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்கு முழுவதும் ஆடும் மாடும்தான் பிழைப்பு. வயல் என்றால் புல் வயல். கோடையில் புல்லை அறுத்து சைலேஜ் போட்டு வைத்து, குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் கட்டிய மாடுகளுக்குக் கொடுப்பார்கள். வயலுக்கு வரப்பு கிடையாது. சிமென்ட்டோ சுண்ணாம்போ இல்லாமல் கல்லின் மேல் கல்லை அடுக்கிக் கட்டிய சுவர்தான் எல்லை. இந்தச் சுவர்கள் குன்றின் உச்சி வரை ஏறி இறங்குகின்றன.

வெளியிலிருந்து பார்க்கும்போது நூறு வருஷமாக எதுவுமே மாறாத இடம் போலத் தெரியும். ஆனால், அந்தப் புல்லுக்கு அடியில் இருக்கிறது சேதி. மேட்டின் மேல் தனியாக நிற்கும் ஆட்டுப்பண்ணைக்கும், லண்டனில் உள்ள பெரிய அலுவலகங்களுக்குக் கிடைக்கும் வேகத்தில் இணையம் வருகிறது. அரசாங்கம் போட்டுக் கொடுத்ததில்லை. பெரிய கம்பெனி போட்டதும் இல்லை. அந்த ஊர் விவசாயிகள் தங்கள் நிலத்தைத் தாங்களே தோண்டிப் போட்டுக்கொண்ட கேபிள் அது.

நகரத்துக்கு ஒரு கணக்கு, காட்டுக்கு ஒரு கணக்கு

பள்ளத்தாக்கின் பிரச்னை என்ன என்பதை ஒரு சின்னக் கணக்கில் சொல்லிவிடலாம். நகரத்தில் ஒரு கிலோமீட்டர் பள்ளம் தோண்டிக் கேபிள் போட்டால், இரண்டு பக்கமும் வீடுகள். நூற்றுக்கணக்கான சந்தாதாரர்கள் கிடைப்பார்கள். இங்கே ஒரு கிலோமீட்டர் தோண்டினால் இரண்டு பண்ணை கிடைக்கும். சில இடங்களில் ஒன்றுதான். தோண்டும் செலவு ஒன்றே. வரும்படி மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அதனால் எந்தக் கம்பெனியும் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

இருந்ததெல்லாம் பழைய டெலிபோன் செம்புக் கம்பி. செம்புக் கம்பியின் குணம், தூரம் கூடக் கூட அதில் வரும் வேகம் தேய்ந்துகொண்டே போகும். நீண்ட வாய்க்காலில் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்வது போலத்தான். தலைமடையில் பெருக்கெடுத்து ஓடும். கடைமடையில் வாய்க்கால் நனைவதோடு சரி. எக்ஸ்சேஞ்சிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளியிருந்த பண்ணைகளில் ஒரு போட்டோவை அனுப்புவதற்குள் ஒரு வேளை பால் கறந்து முடித்துவிடலாம் என்ற நிலைமை.

2010-ல் பதவிக்கு வந்த இங்கிலாந்து அரசாங்கம், பொதுப் பணத்தைக் கொடுத்து நாடு முழுவதும் வேகமான இணையம் கொண்டுவரப் போவதாக அறிவித்தது. முதல் இலக்கு நூற்றுக்கு 90 வீடுகள். பிறகு 2017-க்குள் 95 வீடுகள். நல்ல இலக்குதான். ஆனால், மீதி 5 வீடு எங்கே இருக்கிறது? லூன் பள்ளத்தாக்கு மாதிரியான இடங்களில்தான். அதோடு, அந்தத் திட்டத்தில் பெரும்பாலும் தெருமுனைப் பெட்டி வரைக்கும்தான் கண்ணாடி இழை. பெட்டியிலிருந்து வீடு வரைக்கும் அதே பழைய செம்புக் கம்பி. பெட்டிக்குப் பக்கத்து வீட்டுக்குப் பலன் உண்டு. மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பண்ணைக்கு அந்தப் பெட்டி இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

இணையம் இல்லாவிட்டால் விவசாயிக்கு என்ன நஷ்டம் என்ற கேள்விக்கு 2015-ல் நடந்ததே பதில். அந்த ஆண்டு இங்கிலாந்து விவசாயிகள் அரசின் மானியத்துக்கு இணையத்தின் மூலமே விண்ணப்பிக்க வேண்டும் என்று முடிவானது. நிலத்தின் வரைபடத்தைக்கூடக் கணினியில்தான் சரிபார்க்க வேண்டும். அரசின் கணினி அமைப்பே திணறிப்போய், கடைசி நேரத்தில் காகிதப் படிவத்துக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. அந்த ஒரு வருஷம் காகிதம் காப்பாற்றியது. ஆனால், மாடு வாங்கி விற்கும் பதிவு, வரிக் கணக்கு, மானியம் என ஒவ்வொன்றாக இணையத்துக்குப் போய்க்கொண்டிருந்தது எல்லோருக்கும் தெரிந்தது. இணைப்பு இல்லாத பண்ணை, அரசாங்கத்தின் கண்ணுக்கே தெரியாத பண்ணையாகிவிடும் என்ற பயம் வந்தது.

மரம் வளர்ந்தது, சிக்னல் போனது

ரே கிராமத்தில் கிறிஸ் காண்டர் என்ற விவசாயப் பெண்மணி இருந்தார். அந்தப் பகுதிக்கு லங்காஸ்டர் பல்கலைக்கழகம் கம்பியில்லா முறையில் இணையம் கொடுத்துவந்தது. கோபுரத்திலிருந்து பண்ணைக்கு நேர்ப் பார்வை இருக்க வேண்டும். நடுவில் எதுவும் மறைக்கக் கூடாது. காண்டரின் பக்கத்துப் பண்ணைக்கும் கோபுரத்துக்கும் நடுவே இருந்த மரங்கள் ஓங்கி வளர்ந்துவிட்டன. அந்தப் பண்ணைக்கு இணையம் நின்றுபோனது.

வேறு வழி கேட்டுப் பார்த்தார்கள். இல்லை என்று பதில் வந்தது. காண்டர் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குக் கண்ணாடி இழைக் கேபிளை விலைக்கு வாங்கினார். பண்ணை டிராக்டரை எடுத்து வயலில் பள்ளம் இழுத்தார். கேபிளைப் புதைத்து, தன் பண்ணையில் இருந்த இணைப்பை அடுத்த பண்ணைக்குக் கொடுத்தார்.

அந்த ஒரு கிலோமீட்டர் ஒரு விஷயத்தை வெட்ட வெளிச்சமாக்கியது. கேபிள் விலை பெரிய செலவு இல்லை. பெரிய செலவு, பள்ளம் தோண்டுவது. அதிலும் தார் ரோட்டை உடைத்துத் தோண்டி, போக்குவரத்தை நிறுத்தி, திரும்ப ரோடு போட்டுக் கொடுப்பதுதான் பணத்தை விழுங்குகிறது. அடுத்த செலவு, யார் நிலத்தின் வழியாகக் கேபிள் போகிறதோ அவருக்குக் கொடுக்கும் வாடகை. நிலம் விவசாயியுடையது. டிராக்டரும் விவசாயியுடையது. மண்ணைத் தோண்டுவது விவசாயிக்குப் புதிய வேலையா என்ன?

களஞ்சியம் என்று ஒரு கம்பெனி

லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் கணினி வலையமைப்பில் அனுபவம் பெற்ற பேரி ஃபோர்டு என்பவர் தொழில்நுட்பத் திட்டம் போட்டுக் கொடுத்தார். காண்டரும் சுற்றுவட்டார ஊர்க்காரர்களும் சேர்ந்து 2011-ல் 'வடபுலக் கிராமங்களுக்கான பிராட்பேண்ட்' என்று அர்த்தம் வரும் பெயரில் ஒரு சங்கத்தைப் பதிவு செய்தார்கள். பெயரின் சுருக்கத்தை ஆங்கிலத்தில் 'பார்ன்' என்று படிக்கலாம். பண்ணையில் தானியமும் வைக்கோலும் போட்டு வைக்கும் களஞ்சியத்துக்கும் அதுதான் பெயர்.

இது லாபத்துக்காக நடக்கும் கம்பெனி இல்லை. சட்டப்படி, சமுதாய நலனுக்கான சங்கம். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஓர் ஆளுக்கு ஓர் ஓட்டுதான். நாளைக்கு ஒரு பணக்காரர் வந்து மொத்தமாக வாங்கிக்கொண்டு போக முடியாது. பால் கூட்டுறவு சங்கத்தில் உறுப்பினராக இருப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு சுலபமாகப் புரியும். இன்றைய கூட்டுறவு இயக்கத்துக்கு வழிகாட்டிய ராச்டேல் கடை, 1844-ல் ஒரு சில நெசவாளிகளும் கைத்தொழிலாளிகளும் சேர்ந்து ஆரம்பித்தது. அதுவும் அந்நாளைய லங்காஷயரில்தான் இருந்தது. அந்த மண்ணுக்கு இது பழக்கமான வழி.

2011 டிசம்பரில் பங்கு வெளியிட்டார்கள். குறைந்தபட்ச முதலீடு 100 பவுண்டு. ஓய்வூதியக்காரர்கள், ஆட்டுப்பண்ணைக்காரர்கள், வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் என்று பலரும் போட்டார்கள். பணம் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி இருந்தது. வயலில் பள்ளம் தோண்டிக் குழாய் பதித்துக் கொடுப்பவருக்கு மீட்டருக்கு ஒன்றரை பவுண்டு. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 125 ரூபாய். அந்தக் கூலியைப் பங்காகவும் எடுத்துக்கொள்ளலாம். அதாவது, உழைப்பையே முதலாகப் போடலாம்.

நில உரிமையாளர்களிடம் சங்கம் கேட்டது ஒன்றே ஒன்று. கேபிள் போகும் வழிக்கு வாடகை கேட்காதீர்கள். பலரும் சரி என்றார்கள். தங்கள் வீட்டுக்கும் அந்தக் கேபிள்தானே வரப்போகிறது!

முதல் கட்டத்தில் குவார்ன்மோர், ஆர்க்கோம், டாட்டம், ரே உள்பட எட்டு ஊராட்சிகளை எடுத்துக்கொண்டார்கள். 2012-ல் தோண்டத் தொடங்கினார்கள்.

வயலுக்குள் எப்படிப் போகிறது?

வேலை நடக்கும் முறை எந்த விவசாயிக்கும் புரியக்கூடியதுதான். முதலில் வரைபடத்தை விரித்து, எந்தெந்த வயல் வழியாகப் போவது என்று ஊர்க்காரர்களே கோடு போடுகிறார்கள். எங்கே பாறை, எங்கே ஊற்று, எங்கே பழைய வடிகால் குழாய் புதைந்திருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தானே தெரியும்.

மண் இளகிய வயலில் டிராக்டருக்குப் பின்னால் ஒரு தனிக் கலப்பையை மாட்டுகிறார்கள். கத்தி மாதிரி நீண்ட கொழு, நிலத்தைக் கீறிக்கொண்டே போகும். அதன் வாலிலிருந்து பிளாஸ்டிக் குழாய் மண்ணுக்கடியில் இறங்கிக்கொண்டே வரும். பின்னாலேயே மண் மூடிக்கொள்ளும். கொஞ்ச நாளில் புல் முளைத்து, கோடு போன இடமே தெரியாது. பாறையும் வேரும் உள்ள இடங்களில் சின்ன பொக்லைன். கல் சுவர் குறுக்கிட்டால் அதன் அடியில் வழி செய்து குழாயைச் செருகிவிடுவார்கள். சுவர் இடிந்தால் அடுக்கித் தரவும் ஊரில் ஆள் உண்டு.

இந்தக் கட்டத்தில் புதைப்பது வெறும் குழாய்தான். இடையிடையே மூடியுள்ள சிறு தொட்டிகள் வைக்கிறார்கள். குழாய் முழுவதும் பதிந்த பிறகு, கம்ப்ரஸர் காற்றின் வேகத்தில் கண்ணாடி இழையைக் குழாய்க்குள் ஊதி அனுப்புகிறார்கள். முடியைப் போல மெல்லிய இழை, காற்றில் மிதந்துகொண்டு பல நூறு மீட்டர் போய்விடும். இரண்டு இழைகளின் முனைகளை உருக்கி ஒட்டுவது நுணுக்கமான வேலை. அதையும் ஊர்க்காரர்கள் கற்றுக்கொண்டார்கள். பால் கறந்த கையோடு, மேஜையில் உட்கார்ந்து கண்ணாடி இழையை ஒட்டினார்கள்.

ஊருக்குள் கேபிள் போட்டுவிட்டால் மட்டும் போதாது. அதை வெளி உலகத்தோடு இணைக்க வேண்டும். ஏரிக்குக் கால்வாய் வெட்டினாலும் ஆற்றில் மதகு இருந்தால்தான் தண்ணீர் வரும். இந்தச் சங்கம் மான்செஸ்டர் நகரத்து இணைப்பு மையம் வரை போகும் இழையை வாடகைக்கு எடுத்து, அங்கிருந்து மொத்தமாக இணையத்தை வாங்கிக்கொண்டது.

வீட்டுக்கு இணைப்புக் கட்டணம் 150 பவுண்டு, மாதம் 30 பவுண்டு என்று வைத்தார்கள். அன்றைய மதிப்பில் மாதம் 3,000 ரூபாய்க்குள். அங்கே ஒரு குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் தொகைதான். கிடைத்த வேகம் விநாடிக்கு 1,000 மெகாபிட். வருவதற்கு மட்டுமல்ல, அனுப்புவதற்கும் அதே வேகம். அந்த நாளில் இங்கிலாந்தின் பெரும்பாலான நகரத்து வீடுகளுக்கே அது கிடைக்காத வேகம்.

உழும்போது அறுந்து போகாதா?

கேபிள் விவசாய நிலத்தில் போகிறது என்றதும் எந்த ஊர் விவசாயிக்கும் எழும் கேள்வி இது. அங்கே பெரும்பாலும் புல்வெளி. ஆழ உழவு இல்லை. உழவு சால் எட்டாத ஆழத்தில்தான் குழாயும் போகிறது. முடிந்த இடத்திலெல்லாம் சுவர் ஓரமாகவே கொண்டுபோகிறார்கள். ஆபத்து உழவில் இல்லை. வேலிக்கால் நடுவதிலும், வடிகால் தோண்டுவதிலும்தான் இருக்கிறது. அதனால்தான், எந்த இடத்தில் எவ்வளவு ஆழத்தில் கேபிள் இருக்கிறது என்ற வரைபடத்தைப் பத்திரமாக வைத்திருப்பது கேபிள் போடுவதற்குச் சமமான வேலையாகிறது.

மின்சாரம் போனால் இணையம் போகுமா என்பது இன்னொரு கேள்வி. கண்ணாடி இழையில் ஓடுவது ஒளி. அதற்கு வழியில் மின்சாரம் தேவையில்லை. ஆனால், மையத்தில் உள்ள கருவிக்கும் வீட்டில் உள்ள பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும். பழைய செம்புக் கம்பி டெலிபோன், கரண்ட் போனாலும் வேலை செய்யும். இதில் அப்படி இல்லை. வீட்டில் ஒரு பேட்டரி வைத்துக்கொள்வது நல்லது.

இடி விழுந்தால்? செம்புக் கம்பி மின்சாரத்தைக் கடத்தும். மோடம் கருகிப்போன அனுபவம் பலருக்கு உண்டு. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. மேட்டுப் பண்ணைகளுக்கு அது ஒரு பெரிய நிம்மதி.

கடைசி வீட்டை விட்டுவிடாதே

இந்தச் சங்கம் வைத்த விதிகளில் முக்கியமானது ஒன்று உண்டு. தனி வீட்டுக்கு இணைப்பு கேட்டு வந்தால் கொடுப்பதில்லை. ஊராட்சி முழுவதும் சேர்ந்து வந்தால்தான் வேலை தொடங்கும். ஊர் நடுவில் நெருக்கமாக இருக்கும் நாற்பது வீட்டுக்கு மட்டும் போட்டுவிட்டு, மேட்டில் இருக்கும் நான்கு பண்ணையை விட்டுவிடும் பேச்சே இல்லை.

இதில் தர்மம் மட்டுமல்ல, கணக்கும் இருக்கிறது. கம்பெனிகள் எப்போதும் வரும்படி அதிகமுள்ள வீடுகளை முதலில் பொறுக்கி எடுத்துக்கொள்ளும். மாந்தோப்பில் கைக்கு எட்டிய பழத்தை மட்டும் பறித்துக்கொண்டு போவது போல. அதன் பிறகு, உச்சாணிக் கிளையில் இருப்பதைப் பறிக்க எவரும் வரமாட்டார்கள். மலிவான வீடும் செலவான வீடும் ஒரே கணக்கில் இருந்தால்தான் சராசரிச் செலவு தாங்கும். நிலத்தைக் கொடுக்க வேண்டியவர்களும் பெரும்பாலும் அந்த மேட்டுப் பண்ணைக்காரர்கள்தான். அவர்களை விட்டுவிட்டு அவர்கள் வயலில் எப்படிக் கேபிள் போட முடியும்?

எல்லாம் சுமுகமாக நடந்ததாக நினைக்க வேண்டாம். ஒரே ஒருவர் தன் வயலைக் கொடுக்க மறுத்தால்கூட, சுற்றிக்கொண்டு போக வேண்டும்; செலவு ஏறும். ரயில் பாதை, நெடுஞ்சாலை, ஆறு குறுக்கிட்டால் அனுமதி வாங்குவதற்கே மாதக்கணக்கில் ஆகும். ஆட்டுக்குட்டி போடும் பருவத்தில் இரவு பகலாகத் தொழுவத்தில் இருக்கும் விவசாயி, பள்ளம் தோண்ட வரமாட்டார். மழைக்காலத்தில் சேற்றில் டிராக்டர் இறங்காது. வேலைக்கு முன்வருபவர்கள் ஒவ்வோர் ஊரிலும் நாலைந்து பேர்தான். அவர்களே திரும்பத் திரும்ப வந்து களைத்துப்போவார்கள்.

இலவச உழைப்பு கேபிள் போடுவதற்குப் போதும். அதை இருபது, முப்பது வருஷம் பராமரிப்பதற்குப் போதாது. அறுந்தால் ராத்திரியில் வந்து ஒட்ட ஆள் வேண்டும். பில் போட வேண்டும். போனை எடுத்துப் பதில் சொல்ல வேண்டும். அதனால், சங்கம் வளர வளரச் சம்பளத்துக்கு ஆள் வைத்தது. மெல்லிங் என்ற கிராமத்தில் அலுவலகம் அமைந்தது. பின்னாளில், கிராமத்து இணைப்புகளுக்கு அரசு கொடுத்த மானிய வவுச்சர்களும் கைகொடுத்தன. ஊரார் உழைப்பில் தொடங்கியது, அரசின் உதவியும் சேர்ந்த பிறகுதான் பெரிதாக வளர்ந்தது.

2016 வாக்கில் 3,000 கிலோமீட்டருக்கு மேல் கேபிள் போட்டிருப்பதாகச் சங்கம் சொன்னது. எட்டு ஊராட்சியில் தொடங்கியது பக்கத்து மாவட்டங்களுக்கும் பரவி, இன்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளைத் தாண்டிவிட்டது. காண்டருக்கும் ஃபோர்டுக்கும் பிரிட்டிஷ் அரசின் எம்.பி.இ. விருது கிடைத்தது.

உலகம் முழுக்க இதே கதை

லூன் பள்ளத்தாக்கின் சங்கடம் அந்த ஊருக்கு மட்டும் உரியதில்லை. ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐ.டி.யூ. 2024-ல் வெளியிட்ட கணக்கின்படி, உலகில் 260 கோடிப் பேர் இன்னும் இணையத்துக்கு வெளியே இருக்கிறார்கள். நகரத்தில் நூற்றுக்கு 83 பேர் இணையத்தைப் பயன்படுத்துகிறார்கள். கிராமத்தில் 48 பேர்தான். எல்லா நாட்டிலும் முட்டுவது அந்தக் கடைசிக் கிலோமீட்டரில்தான்.

ஸ்பெயினின் கட்டலோனியாப் பகுதியில் 2004-ல், கம்பெனிகள் எட்டிப் பார்க்காத கிராமங்களில் கூரைக்குக் கூரை ஆண்டெனா வைத்து 'குய்ஃபி' என்ற பொது வலையமைப்பை மக்களே தொடங்கினார்கள். இன்று அது முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட முனைகளோடு நிற்கிறது.

ஆஸ்திரேலியா வேறு வழியில் போனது. 2009-ல் அரசே ஒரு கம்பெனி தொடங்கி, நூற்றுக்கு 90 வீடுகளுக்கு நேராகக் கண்ணாடி இழை போடுவதாக அறிவித்தது. 2013-ல் ஆட்சி மாறியது. செலவைக் குறைக்கப் பல இடங்களில் பழைய செம்புக் கம்பியையே பயன்படுத்த முடிவானது. சில ஆண்டுகள் கழித்து, அதே இடங்களுக்கு மறுபடியும் கண்ணாடி இழை போட வேண்டி வந்தது. ஒரே வேலைக்கு இரண்டு செலவு. கேபிளே போக முடியாத உள்நாட்டுப் பண்ணைகளுக்காக 2015, 2016-ல் இரண்டு செயற்கைக்கோள்கள் ஏவப்பட்டன.

இந்தியாவின் கதையும் லூன் பள்ளத்தாக்கின் கதையும் தொடங்கியது ஒரே வருஷத்தில்தான். 2011 அக்டோபரில் மத்திய அரசு, இரண்டரை லட்சம் கிராம ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கொண்டுபோகும் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 'பாரத்நெட்' என்று பின்னர் பெயர் மாறியது. முதல் ஒரு லட்சம் ஊராட்சிகள் முடிவதற்கே 2017 டிசம்பர் ஆகிவிட்டது. இப்போது இரண்டு லட்சத்தைத் தாண்டியிருக்கிறது. 2023-ல் மேலும் 1.39 லட்சம் கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் ஆனது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கான வேலையை 'டான்ஃபிநெட்' என்ற மாநில அரசு நிறுவனம் பார்க்கிறது. இங்கே பெரும்பகுதி கேபிள் மின்கம்பங்கள் வழியாகப் போகிறது.

பரப்பளவிலும் மக்கள்தொகையிலும் இந்த வேலை லூன் பள்ளத்தாக்கைவிடப் பல மடங்கு பெரியது. ஆனாலும் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றே. ஊராட்சி அலுவலகம் வரை கேபிள் வந்துவிட்டது என்பது பாதிக் கிணறு தாண்டியது போல. அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கும், பால் சங்கத்துக்கும், தோட்டத்து வீட்டுக்கும் யார் கொண்டுபோவது, அறுந்தால் யார் ஒட்டுவது என்பதுதான் மீதிப் பாதி.

எது பொருந்தும், எது பொருந்தாது?

அந்த ஊர் வழியை அப்படியே வேறு இடத்தில் நட்டால் வேர் பிடிக்காது. லூன் பள்ளத்தாக்கில் ஒரு பண்ணை நூறு, இருநூறு ஏக்கருக்குக் குறையாது. பத்துப் பேரிடம் பேசினால் பல கிலோமீட்டருக்கு வழி கிடைத்துவிடும். ஒரு ஏக்கர், அரை ஏக்கராகத் துண்டுபட்டுக் கிடக்கும் ஊரில் அதே தூரத்துக்கு நூறு பேரிடம் சம்மதம் வாங்க வேண்டும். அங்கே புல்வெளி, இங்கே நெல், வாழை, மஞ்சள் என்று வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை மண் புரளும். அங்கே மாதம் 30 பவுண்டு கொடுக்க ஆள் உண்டு. பங்கு வாங்கச் சேமிப்பும் உண்டு. பல்கலைக்கழகத்தில் வேலை கற்ற நிபுணர் பக்கத்திலேயே இருந்தார். இவையெல்லாம் எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை.

ஆனால், எந்த ஊருக்கும் பொருந்தும் சில பாடங்கள் உண்டு. கேபிள் வரும்போது எந்த வீடு வரை வருகிறது என்பதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும். 'ஊருக்கு வந்துவிட்டது' என்ற ஒரே பதிலில் கடைசித் தெருவும் காலனியும் தோட்டத்து வீடும் மறைந்துபோகும். தோண்டும்போது வரைபடத்தின் பிரதி ஒன்று ஊராட்சியில் இருக்க வேண்டும். அடுத்த மாதம் குடிநீர்க் குழாய்க்குத் தோண்டுகிறவர் கேபிளை அறுக்காமல் இருப்பதற்கு அது ஒன்றுதான் காப்பு. பழுது வந்தால் எந்த எண்ணுக்குச் சொல்வது, எத்தனை நாளில் சரியாகும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். இதையெல்லாம் கிராமசபையில் கேட்கலாம். கேட்டதைத் தீர்மானமாகவும் எழுதி வாங்கலாம். கேபிள் போட ஊர்க்காரர்கள் வழிவிடுகிறார்கள் என்றால், இந்தக் கேள்விகளைக் கேட்கும் உரிமை அவர்களுக்கு இன்னும் ஒரு பங்கு கூடுகிறது.

லூன் பள்ளத்தாக்கின் விவசாயிகளிடம் முதலில் பெரிய பணம் இருக்கவில்லை. இருந்தது நிலம், டிராக்டர், உழைப்பு. இணையத் திட்டத்தில் பாதிக்கு மேல் செலவு இந்த மூன்றில்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்த நாளிலிருந்து, கடைமடை என்று ஒதுக்கப்பட்டவர்கள் மதகைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள்.